பழைய ரிவால்வர்தான் நல்லதா?

அமெரிக்காவில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்ததைப் பற்றி இங்கே இரண்டு பதிவுகள் எழுதிவிட்டேன். பனி, கோவில், நூலகம் எல்லாம் சொல்லியாயிற்று. ஒன்றை மட்டும் விட்டிருந்தேன். துப்பாக்கியைப் பற்றி எழுதினால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம். நான் வாழ்நாளில் சுட்டது கல்லூரியில் என்.சி.சி.யில் கொடுத்த பாயிண்ட் 22 ரைஃபிளில் பத்து குண்டுதான். அதிலும் எத்தனை அட்டையில் பட்டது என்று கேட்காதீர்கள்.

மகள் இருப்பது கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்ட் நகருக்குப் பக்கம். விமான நிலையத்திலிருந்து முதல் நாள் காரில் போகும்போது, நெடுஞ்சாலை ஓரம் ஒரு நீல நிறக் குவிமாடம் தெரிந்தது. வெங்காய வடிவம், மேலே தங்க நட்சத்திரங்கள். பள்ளிவாசலா, ருஷ்யத் தேவாலயமா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். "அது கோல்ட் துப்பாக்கி ஃபேக்டரி மாமா" என்றார். முதல் குவிமாடம் 1864இல் தீ விபத்தில் எரிந்துபோய், மறுபடி கட்டியதாம். இப்போது அங்கே துப்பாக்கி செய்வதில்லை. அங்கிருந்து வடக்கே முக்கால் மணி நேரம் போனால் ஸ்பிரிங்ஃபீல்டு. அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஊர். உலகத்துக்கு ரிவால்வரைக் கொடுத்த இரண்டு பெரிய பெயர்களும் ஒரே ஆற்றங்கரையில், சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் உள்ள தூரத்துக்குள் இருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரர் எழுபத்தெட்டு வயதுக்காரர். ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு சிறிய பட்டறையில் டூல் மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் கோயம்புத்தூரில் முப்பத்துநாலு வருடம் டூல் ரூமில் இருந்தவன் என்று தெரிந்ததும் வேலி ஓரத்துப் பேச்சு வீட்டுக்குள் வந்துவிட்டது. அவர் ஆங்கிலம் எனக்குப் பாதி புரியாது, என் ஆங்கிலம் அவருக்கு முக்கால் புரியாது. ஆனால் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தால் இருவருக்கும் பாஷை ஒன்றுதான்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து இரண்டு ரிவால்வர்களை வைத்தார். இரண்டும் கோல்ட் கம்பெனியின் பைத்தான். ஒன்று அவர் அப்பா 1960களில் வாங்கியது. கருநீலம், முகம் பார்க்கலாம் போன்ற மெருகு. மற்றது அவரே இப்போது வாங்கியது. வெள்ளையாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சிலிண்டரைத் திறந்து காலி என்று காட்டிவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் என் கையில் கொடுத்தார். அந்த ஒழுக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு விஷயத்தைச் சொன்னார். வீட்டுக் கூரை மாற்ற வேண்டும், செலவு பெரிது. பழைய பைத்தானுக்குச் சேகரிப்பாளர்கள் புதியதன் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு தருகிறார்கள். விற்றுவிடலாம். ஆனால் நல்லதை விற்றுவிட்டு மட்டமானதை வைத்துக்கொண்டவன் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் டூல் ரூம்காரர், எது நல்லது என்று சொல்லுங்கள் என்றார்.

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு அந்த ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். படித்ததும் யோசித்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த யந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஆறு அறைகள் உள்ள சிலிண்டர், முன்னால் குழல், பின்னால் ஹாமர். ஹாமருக்கு நம் பழைய அகராதிகளில் 'குதிரை' என்று பெயர். டிரிக்கரை இழுக்கும்போது குதிரை பின்னால் போகிறது. அதே நேரத்தில் ஒரு சிறிய தள்ளுகோல் சிலிண்டரின் பின்பக்கப் பல்லைத் தள்ளி ஆறில் ஒரு பங்கு சுற்றுகிறது. சுற்றி வந்து நின்ற இடத்தில் கீழிருந்து ஒரு கொண்டி எழும்பிப் பூட்டுகிறது. குதிரை விழுவதற்கு முன்னால் கொண்டி விழுந்திருக்க வேண்டும். அப்படி விழாவிட்டால் அறையும் குழலும் நேர்கோட்டில் இருக்காது. குண்டு குழலின் வாயில் இடித்து ஈயத்தைச் சீவிக்கொண்டு போகும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி நாலிலிருந்து எட்டு தௌ. எங்கள் பட்டறை பாஷையில் தௌ என்றால் இஞ்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியே இரண்டு மூன்று தௌ இருக்கும். இது குறைந்தால் சுட்டுச் சூடானதும் சிலிண்டர் சிக்கிக்கொள்ளும், கூடினால் பக்கவாட்டில் தீ பீச்சும். இத்தனையும் ஓர் அறைக்கு மட்டும் சரியாக இருந்தால் போதாது, ஆறுக்கும் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஆறு பல்லையும் ஒவ்வொன்றாக அரத்தால் தொட்டுத் தொட்டுச் சரி செய்தார்கள்.

அந்தத் தள்ளுகோலுக்கு ஆங்கிலத்தில் பெயரே 'கை' என்பதுதான். ஹேண்ட் என்கிறார்கள். மொத்த வழக்கும் இந்தக் கையில்தான் இருக்கிறது.

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கி, நியூ ஜெர்சியில் பேட்டர்சன் என்ற ஊரில் முதல் தொழிற்சாலை போட்டார். ஆறே வருடத்தில் அது மூழ்கியது. 1847இல் மெக்சிகோ போரின்போது சாமுவேல் வாக்கர் என்ற கேப்டன் யோசனை சொல்லி, ராணுவத்துக்கு ஆயிரம் ரிவால்வர் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. கோல்ட்டிடம் அப்போது தொழிற்சாலை கிடையாது. இன்னொருவர் தொழிற்சாலையில்தான் செய்து வாங்கினார். அந்த வாக்கர் மாடல் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. இன்றைக்கு அதில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் பத்திரிகையில் செய்தி வருகிறது. ஆனால் அந்த ஆயிரத்தில் நிறைய சிலிண்டர்கள் போர்க்களத்திலேயே வெடித்துப் பிளந்தன. இரும்பு போதாது, மருந்தோ அதிகம். பழையது என்றாலே உறுதி என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இந்த வாக்கரைத்தான்.

கோல்ட் துப்பாக்கி செய்ததைவிடப் பெரிதாகச் செய்தது விளம்பரம். எந்தத் துப்பாக்கியின் பாகத்தையும் எந்தத் துப்பாக்கியிலும் மாட்டலாம் என்பது அவர் பேச்சு. 1851 லண்டன் கண்காட்சியில் கடை விரித்து, பிறகு லண்டனிலேயே தொழிற்சாலையும் தொடங்கினார். 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று இதைப் பற்றி விசாரித்தது. கோல்ட் தானே போய்ச் சாட்சி சொன்னார். ஆனால் பாகங்கள் அப்படி மாறி மாறிப் பொருந்துவதில்லை, அரம் பிடிக்கிற ஆள் இல்லாமல் முடியாது என்பதும் அதே விசாரணையில் வெளியே வந்துவிட்டது. யந்திரம் தொண்ணூறு பங்கு செய்தது. மீதிப் பத்தை மேஜையில் உட்கார்ந்த பிட்டர் செய்தார். இந்தக் கணக்கு அடுத்த நூற்றுமுப்பது வருடமும் பெரிதாக மாறவில்லை. அந்த மீதிப் பத்தைத்தான் இன்று 'பழைய தரம்' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள்.

அந்தக் கலை உச்சத்துக்குப் போனது இரண்டு இடங்களில். ஒன்று, 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த .357 மேக்னம். வாங்குபவர் குழலின் நீளத்தைக் கால் இஞ்ச் கணக்கில் சொல்லலாம். பிடி, குறிமுள் எல்லாம் அவர் விருப்பம். தொழிற்சாலையிலேயே சுட்டுக் குறி சரி செய்து, பெயர் போட்டுப் பதிவுச் சான்றிதழோடு அனுப்புவார்கள். விலை 60 டாலர். பொருளாதார மந்தத்தில் ஊரே தவித்த காலத்தில் இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று கம்பெனியே சந்தேகப்பட்டதாம். சில வருடங்களில் ஐயாயிரத்துக்கு மேல் போயிற்று. ஜெனரல் பேட்டன் இடுப்பில் தந்தப் பிடியோடு தொங்கியதும் இதில் ஒன்றுதான்.

இரண்டாவது, நான் கையில் பிடித்த பைத்தான். 1955இல் வந்தது. விலை 125 டாலர். மற்ற ரிவால்வர்களைவிட மிக அதிகம். அதன் நீல மெருகுக்கு 'ராயல் ப்ளூ' என்று பெயர் வைத்தார்கள். நீலம் என்னமோ ரசாயனத் தொட்டியில் வருவதுதான். ரகசியம் அதற்கு முந்தின வேலையில் இருக்கிறது. தோல் சுற்றிய சக்கரத்தில், ஒன்றைவிட ஒன்று நைஸான பொடி போட்டு, விளிம்பு மழுங்காமல், திருகாணித் துளையின் ஓரம் பள்ளம் விழாமல் பாலிஷ் பிடிக்க வேண்டும். பாலிஷ் வேலை தெரிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். எங்கள் டூல் ரூமில் டை பாலிஷ் செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்வார். அந்தப் பழைய பைத்தானைச் சாளர வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. தட்டையான பக்கத்தில் சாளரத்தின் சட்டம் நெளியாமல் நேர்கோடாகத் தெரிந்தது.

உள்ளேயும் அப்படித்தான். டிரிக்கரை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிலிண்டரை ஆட்டிப் பார்த்தால் ஆடவே ஆடாது. 'கை' ஒரு பக்கம் தள்ளிப் பிடிக்க, கொண்டி மறுபக்கம் நிறுத்த, இரண்டுக்கும் நடுவே சிலிண்டர் இறுகி நிற்கும். வங்கிப் பெட்டகம் மாதிரி என்பார்கள். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு சுடலிலும் அந்தக் கைதான் அடி வாங்குகிறது. தேயத் தேய, கொண்டி விழுவது தாமதமாகும். அப்போது அதை எடுத்து, பட்டைதட்டி, நுனியைக் கொஞ்சம் நீட்டி மறுபடி அரம் போட்டுப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் புதியதைப் பொருத்த வேண்டும். கடையில் பாகத்தை வாங்கி மாட்டிவிட்டு வருகிற வேலை இல்லை. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் அமெரிக்கா முழுக்க இப்போது மிகச் சிலர். நண்பரே சொன்னார், இவ்வளவு காலம் டூல் மேக்கராக இருந்தும் தான் அதைத் தொட மாட்டேன் என்று.

பழைய காலத்தின் குறைகளையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் புகழ்பெற்ற .38 போலீஸ் ரிவால்வர் 1899இல் வந்தது. அதன் சிலிண்டருக்குச் சூடேற்றிப் பதப்படுத்தும் வேலை, கொல்லுப் பட்டறையில் துவைச்சல் போடுவது என்பார்களே அது, 1919, 1920 வாக்கில்தான் தொடங்கியது. அதற்கு முந்தின இருபது வருடச் சரக்கெல்லாம் மெது எஃகு. இரண்டாம் உலகப் போரில் அதே ரிவால்வரை லட்சக்கணக்கில் செய்தார்கள். 1944இல் ஒரு கப்பலில் கீழே விழுந்த ரிவால்வர் தானே வெடித்து ஒரு கடற்படை வீரர் இறந்தார். அதற்குப் பிறகுதான் குதிரைக்கு நடுவே நம்பகமான தடுப்பு வைத்தார்கள். ரூகர் கம்பெனியின் கௌபாய் வகை ரிவால்வர்களிலும் இதே மாதிரிக் குறை. ஆறு அறையிலும் குண்டு போட்டு வைத்துக் கீழே போட்டால் வெடிக்கும். 1973இல்தான் வடிவத்தை மாற்றினார்கள். பழையவற்றையும் அனுப்பினால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று பின்னால் அறிவித்தார்கள்.

1955இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 போலீஸ்காரர்களின் செல்லப் பிள்ளை. சின்னச் சட்டத்தில் பெரிய குண்டு. இடம் போதாததால் குழலின் பின்வாய்க்கு அடியில் ஓரிடத்தைச் சீவித் தட்டையாக்கியிருந்தார்கள். லேசான, வேகமான குண்டுகளைத் தொடர்ந்து சுட்டபோது சரியாக அந்த இடத்தில் விரிசல் விட்டது. எந்தப் பிட்டர் எவ்வளவு நேரம் அரம் போட்டாலும் தீராத குறை இது, வரைபடத்திலேயே இருக்கிறது. அண்மையில் மறுபடி வந்த மாடல் 19இல் அந்தத் தட்டை இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பழையது, புதியது என்று பட்டிமன்றமே தேவையில்லை. புதியதுதான் நல்லது.

நம் வீடுகளில் பாட்டி காலத்து வெண்கலப் பானையைக் காட்டி, அந்தக் காலத்துப் பொருள் போல வருமா என்கிறோம். விரிசல் விட்ட பானைகளெல்லாம் எப்போதோ பழைய பாத்திரக்காரரிடம் போய்விட்டன. தங்கிய பானை மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. ரிவால்வருக்கும் அப்படித்தான். அறுபது வருடம் மெழுகுத்தாளில் சுற்றி அலமாரியில் இருந்ததைத்தான் எடுத்துப் பார்த்து வியக்கிறோம்.

அப்படியானால் தரம் இறங்கவே இல்லையா என்றால், இறங்கியது. ஆனால் புதியது வந்ததால் இறங்கவில்லை. பழைய முறையிலேயே செய்துகொண்டிருந்தபோதுதான் இறங்கியது. 1965இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனை பேங்கர் புன்டா என்ற பல தொழில் கம்பெனி வாங்கியது. அந்தக் காலத்துச் சரக்கைப் பற்றி அமெரிக்கர்கள் இன்றும் முகம் சுளிக்கிறார்கள். பிறகு அது கைமாறி, 1987இல் டாம்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2000இல் கிளின்டன் அரசோடு ஒரு பாதுகாப்பு உடன்பாடு செய்துகொள்ள, கோபப்பட்ட வாடிக்கையாளர்கள் மொத்தமாகப் புறக்கணித்தார்கள். மறு வருடமே கம்பெனி வெறும் ஒன்றரைக் கோடி டாலருக்கும் கடன் பொறுப்புக்கும் விலைபோயிற்று. வாங்கியவர்கள் துப்பாக்கிப் பூட்டு செய்கிறவர்கள். ரிவால்வரின் பக்கவாட்டில் ஒரு சாவித் துளை வந்தது. அந்தத் துளையின் மேல் பழைய ஆட்களுக்கு இருக்கிற கோபம் இருக்கிறதே, அதைக் கேட்டால் சிரிப்பு வரும். நண்பர் அதைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் பேசினார்.

கோல்ட் கதை இன்னும் வருத்தமானது. 1986 ஜனவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நாலு வருடம் நீடித்தது. கம்பெனி வேறு ஆட்களை வைத்து ஓட்டியது. 1988இல் ராணுவத்தின் எம்-16 துப்பாக்கி ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போயிற்று. 1990இல் தொழிற்சங்கமும் மாநில அரசின் முதலீடும் சேர்ந்து புதிய அமைப்பு வாங்கியது. 1992இல் அதுவும் திவால் நோட்டீஸ். 1994இல் ஹார்ட்ஃபோர்டை விட்டே கிளம்பி வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டுக்குப் போனார்கள். பைத்தானின் வழக்கமான உற்பத்தி 1999இல் நின்றது. இருபது வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து கைப்பழக்கம் பெற்ற ஒருவர் வாசலில் அட்டை பிடித்து நிற்க, உள்ளே நேற்று வந்த பையன் அதே அரத்தைப் பிடித்தால் ரிவால்வர் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வரைபடம் அதேதான், எஃகு அதேதான், மீதிப் பத்துதான் இல்லை.

இப்போதைய முறைக்கு வருகிறேன். இரண்டு மாற்றங்கள் முக்கியம். ஒன்று, கணினி ஓட்டும் மில்லிங் யந்திரங்கள். நூறாவது சட்டமும் முதல் சட்டம் போலவே வரும். மற்றது, சிறு பாகங்கள் செய்யும் விதம். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் குதிரையும் டிரிக்கரும் காய்ச்சி அடித்து, கடைந்து, மேல்தோலை மட்டும் கெட்டிப்படுத்தியவை. அந்த வேலையில் வரும் மயில்கழுத்து நிறத்துக்காகவே அதை விரும்புகிறவர்கள் உண்டு. 1990களின் கடைசியிலிருந்து அந்தப் பாகங்களை உலோக மாவில் செய்கிறார்கள். எஃகை மாவு போன்ற பொடியாக்கி, பிசின் போன்ற ஒன்றோடு பிசைந்து, பிளாஸ்டிக் போல அச்சில் அழுத்தி, பிசினை நீக்கிவிட்டுச் சூளையில் வேகவைக்கிறார்கள். வெந்ததும் பாகம் ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் கணக்குப் போட்டு அச்சு வெட்டுகிறார்கள். அச்சு வெட்டிப் பிழைத்தவன் என்பதால் சொல்கிறேன், இது லேசுப்பட்ட வித்தை இல்லை. சூளையில் சரியாக வேகாமல் உள்ளே பொத்தல் இருந்தால் உடையும், உண்மைதான். சரியாக வெந்தால் ரிவால்வருக்குத் தாராளமாகப் போதும். அடிபடும் முகங்கள் அச்சிலேயே வழவழப்பாக வந்துவிடுவதால் அரத்துக்கு வேலை குறைவு.

ரூகர் கம்பெனி வேறு வழி போனது. ரிவால்வர் சட்டத்தையே மெழுகு வார்ப்பில் செய்தது. மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் எஃகை ஊற்றுவது. அமெரிக்காவில் வார்ப்புச் சட்டம் என்றால் மட்டம் என்று நெடுநாள் ஏளனம் செய்தார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகள் நடராஜரை வார்ப்பதும் இந்த வித்தையில்தான் என்று நண்பரிடம் சொன்னேன். கைப்பேசியில் ஒரு சோழர் காலச் சிலையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2020 ஜனவரியில் கோல்ட் மறுபடி பைத்தானைக் கொண்டுவந்தது. விலை 1,499 டாலர். 1955இன் 125 டாலரை விலைவாசி ஏற்றத்தோடு கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,200 வருகிறது. ஆக, மலிவாகச் செய்து மலிவாக விற்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. உள்பாகங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். பின்குறிக்குக் கீழே சட்டத்தைத் தடிப்பாக்கினார்கள். எஃகு பழையதைவிட உறுதியானது. ஆனாலும் முதல் சில மாதங்களில் சிலிண்டர் சரியாகச் சுற்றவில்லை என்று புகார்கள் கிளம்பின. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் புதிய ரிவால்வர்களில் குழல் ஒரு பிசகு கூடுதலாகவோ குறைவாகவோ முறுக்கப்பட்டு, குறிமுள் சாய்ந்து நிற்பது வழக்கமான புகார். யந்திரம் பிழை செய்யவில்லை. கடைசியில் எடுத்துப் பார்க்க வேண்டிய கண் பார்க்கவில்லை. பழைய தொழிற்சாலையில் இப்படிப்பட்டது இன்ஸ்பெக்டர் மேஜையைத் தாண்டாது. இப்போது வாங்குபவரே இன்ஸ்பெக்டர். குறை இருந்தால் கூரியரில் அனுப்பச் சொல்கிறார்கள், செலவில்லாமல் சரி செய்தும் தருகிறார்கள். அவர்களுக்கு அது கட்டுப்படியாகிறது போலிருக்கிறது. புதியதில் எனக்கு உள்ள உண்மையான மனக்குறை இதுதான். மாவில் செய்த குதிரை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நம் நாட்டிலும் பழைய ரிவால்வருக்கு ஏக மதிப்பு. உரிமம் வைத்திருப்பவர்கள் பழைய இங்கிலாந்து வெப்லி .32க்குப் பல லட்சம் கொடுப்பார்கள். அதைத் தரத்துக்குக் கொடுக்கும் விலை என்று நினைத்துவிடக் கூடாது. .38ம் .455ம் தடை செய்யப்பட்ட ரகம், பொதுமக்களுக்குக் கிடையாது. 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. வெப்லி கம்பெனியே 1979இல் கைத்துப்பாக்கி செய்வதை நிறுத்திவிட்டது. இருப்பது கொஞ்சம், கேட்பவர் அதிகம். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும் அதே வெப்லி மார்க் 4 வடிவம்தான். 2014இல் பெண்களுக்கென்று அரை கிலோவில் 'நிர்பீக்' என்று ஒன்று விட்டார்கள். விலை 1,22,360 ரூபாய். இப்போது வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தில் சண்டிலாவில் செய்கிறார்கள்.

மேஜைக்குத் திரும்புகிறேன். ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு நண்பரிடம் என் பதிலைச் சொன்னேன். சொல்வதற்கு முன் என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் மேஸ்திரிக்கு ஊரில் பெரிய பெயர். அவர் கை வைத்தால் டை பொருந்தும். நானும் பதினைந்து வருடத்தில் அந்தப் பெயரைக் கொஞ்சம் வாங்கினேன். பிறகு புதிய யந்திரம் வந்தது. டை கழற்றி மாட்டிய உடனே பொருந்தியது, அரம் தேவைப்படவில்லை. அன்று எனக்கு வந்தது கோபம். ராத்திரி வீட்டில் யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடம் நான் பெருமையோடு செய்தது, பழைய யந்திரம் விட்ட பிழையைத் திருத்துகிற வேலை. யந்திரம் தேய்ந்திருந்தது, மாற்றப் பணமில்லை. என் சம்பளம் அதைவிட மலிவு. மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "தம்பி, அது தெரிஞ்சுதான்டா நான் ரிடையர் ஆகிறேன்" என்றார். ஆனால் அதே புதிய யந்திரம் ஒருமுறை முந்நூறு பாகத்தை ஒரே மாதிரித் தப்பாக வெட்டித் தள்ளியது. டூல் நுனி உடைந்ததை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. முந்நூறும் பழைய இரும்புக்குப் போயிற்று. மேஸ்திரி இருந்திருந்தால் மூன்றாவதிலேயே நிறுத்தியிருப்பார். சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் நண்பரிடம் சொன்னேன்: சனிக்கிழமை சனிக்கிழமை சுடுவதற்கு என்றால் புதியதுதான். உலோகம் நல்லது, தேய்ந்தால் பாகம் கிடைக்கும். பழையதைத் தொடர்ந்து சுட்டால் அந்தக் 'கை' தேயும். தேய்ந்தால் உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. வேலைத்திறம் என்று பார்த்தால் பழையதன் பக்கத்தில் புதியது நிற்காது. அப்படி ஒன்றைச் செய்ய இன்றைக்கு ஆள் வைத்தால் அந்தச் சம்பளத்துக்கு அதை யாரும் வாங்க மாட்டார்கள். இனி அப்படிச் செய்யப் போவதில்லை என்பதால்தான் அந்த விலை. விற்பதும் வைப்பதும் உங்கள் இஷ்டம்.

அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டையும் எண்ணெய்த் துணியால் துடைத்தார். பழையதன் குழலில் என் விரல் ரேகை விழுந்திருந்தது. அதை இரண்டு முறை துடைத்தார்.

போன மாதம் மகள் பேசும்போது கேட்டேன். பக்கத்து வீட்டில் கூரை வேலை முடிந்துவிட்டதாம். பழைய ரிவால்வரை விற்றாரா என்றேன். "இல்லப்பா, பேங்க்ல கடன் வாங்கிப் போட்டாராம். உங்கள விசாரிச்சார்" என்றாள்.